வயிற்றிலிருப்பது பிள்ளையல்ல

ஆர்டெல்லா பியூவின் கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருந்தது. பையோடு சேர்த்து அதை எடுத்துப்போட ஏப்ரல் மாதம் நாள் குறித்திருந்தார்கள். மார்ச் முடிவதற்குள் கொரோனா வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, அவசரமில்லாத ஆபரேஷன்களையெல்லாம் தள்ளிவைத்திருக்கிறோம் என்றாள்.

"என்னோடது அவசரமில்லைன்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள் ஆர்டெல்லா.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா போட்டிருக்கு. நீங்களா விரும்பிப் பண்ணிக்கிற வகை."

"விரும்பியா? இது என்ன காதுகுத்தா, நான் விரும்பிப் பண்ணிக்கிறதுக்கு?"

"நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடுறோம்மா. பத்திரமா இருங்க."

அதே வாரம் அவள் வேலை பார்த்த மீன் தொழிற்சாலையில் மேனேஜர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். ஊரெல்லாம் கதவை அடைத்துக்கொண்டாலும் இங்கே வேலை நிற்காது, நாட்டுக்கே சோறு போடுகிறவர்கள் நீங்கள், உங்களை விட்டால் ஆளில்லை என்று பேசிக் கைதட்டச் சொன்னார். கெளுத்தி மீன் அவசரம். அதை வெட்டுகிறவளின் வயிறு அவசரமில்லை. இப்படி ஒரு கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் வயிற்றில் கர்ப்பப்பை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மிசிசிப்பி டெல்டாவில் வில்லோ பெண்ட் சின்ன ஊர். முன்பு பருத்தி விளைந்த நிலமெல்லாம் இப்போது மீன் குளம். கறுப்புப் பெண்கள் முன்பு பருத்தி பொறுக்கினார்கள், இப்போது மீன் அறுக்கிறார்கள். முதுகு வலி அதே வலிதான். ஆர்டெல்லா இருபது வயதில் கத்தியைப் பிடித்தவள். நாற்பத்தேழு வயதிலும் அவள் கை படும் மீனில் ஒரு முள் மிஞ்சாது. கணவன் எல்ரோய், ஆற்றில் சரக்குத் தெப்பங்களைத் தள்ளிப் போகும் படகில் சமையல்காரன். இரண்டு முறை பிள்ளை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. அதற்குப் பிறகு அவள் சபையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு விசிறி கொடுத்து உட்கார வைக்கிற ஊழியம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கு ஊழியக்காரிகள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்துவார்கள். அந்த வெள்ளையில் அவள் நிற்கிற நிமிர்வைப் பார்த்தால் குடித்துவிட்டு வருகிறவன்கூடத் தொப்பியைக் கழற்றுவான்.

கட்டி இருப்பது அவளுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். அப்போதே எடுத்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு டெல்டா தெரியாது. அவளுடைய பெரியம்மா கோரா பத்தொன்பது வயதில் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடல்வால் எடுத்தோம் என்று தையலோடு அனுப்பினார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளைக்கு ஏங்கிக் கிடந்த பிறகு வேறொரு டாக்டர் பார்த்துச் சொன்னார், உனக்குக் கர்ப்பப்பையே இல்லையே அம்மா என்று. அந்தக் காலத்தில் கேட்காமல் கொள்ளாமல் இப்படி அறுத்தெடுக்கப்பட்ட கறுப்புப் பெண்கள் அங்கே எத்தனையோ பேர். அந்த வீட்டில் வளர்ந்தவள் கத்தியோடு நிற்கிற டாக்டரை எப்படி நம்புவாள்? எட்டு வருஷம் பயந்து, ரத்தம் போய்ப் போய் வெளிறி, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் என்று அவளே வாய்திறந்து சொன்னாள். அன்று கேட்காமல் எடுத்தார்கள். இன்று கேட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எந்தக் காலத்திலும் அந்தப் பை அந்தப் பெண்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக இருந்ததில்லை.

மே மாதம் தொழிற்சாலையில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மீன் மட்டும் குறையவில்லை. இரண்டு பேர் அறுத்ததை ஒருத்தி அறுத்தாள். ஒவ்வொருத்திக்கும் நடுவில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டு, பாதுகாப்பு முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்கி மேற்பார்வைக்காரன் டேக்கட்டிடம் கேட்க வேண்டும். நரைத்த தலையோடு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"மிஸ்டர் டேக்கட், நான் போயிட்டு வரணும்."

"இப்பத்தானே போனீங்க, மிஸ் ஆர்டெல்லா?"

"அது விடியக்காலம்."

"உங்க இடத்துல நிக்க ஆள் இல்லையே. மணி அடிக்கட்டும்."

திரைக்கு அந்தப் பக்கம் நின்ற தோழி டெஸி கத்தியை நிறுத்தாமல் குரல் கொடுத்தாள். "மிஸ்டர் டேக்கட், உங்க வீட்டுலயும் மணி அடிச்சாத்தான் கக்கூஸ் கதவு தொறக்குமா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. டேக்கட் மட்டும் சிரிக்கவில்லை, அனுமதியும் தரவில்லை. ஆர்டெல்லா மூன்று நாப்கினும் அதற்கு மேல் வெட்டிய பழைய துண்டும் வைத்து, கறுப்புக் கால்சட்டை போட்டு, ரப்பர் ஏப்ரனை இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படியும் சில நாள் பூட்ஸுக்குள் ஈரம் இறங்கும். காலடியில் மீன் ரத்தம் ஓடுகிற இடத்தில் அவள் ரத்தத்தை யார் தனியாகப் பார்க்கப்போகிறார்கள்?

ரத்தம் வற்றினால் உடம்பு விசித்திரமான தீனி கேட்கும். அவள் ஐஸ் கட்டியை நறநறவென்று கடித்தாள். அது போதாமல் வெள்ளை மண். மலைப்பக்கத்திலிருந்து வருகிற மண், அடுப்பில் வாட்டி, வினிகரும் உப்பும் தெளித்துத் தின்பது. அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்கள் அதைத் தின்றவர்கள்தான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் பை பையாகத் தின்கிறவள் மசக்கைக்காரி என்பது ஊர்த் தீர்ப்பு. ரத்தமில்லாதவளும் மண்தான் தின்பாள் என்பதை ஊர் வசதியாக மறந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டெஸி அவளுடைய பையை எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, நேத்து வாங்கினது காலியா? எத்தனாவது மாசம்?"

"போடி. எனக்கு வயசு நாப்பத்தேழு."

"எங்க அத்தை அம்பத்திரண்டுல பெத்தா. அவ பிள்ளைக்கும் அவ பேத்திக்கும் ஒரே தொட்டில்."

"உங்க அத்தைக்கு வேற வேலை இல்லை, பெத்தா."

"உன் வயிறும் அப்படித்தாண்டி நிக்குது. எல்ரோய்க்கு ஒரு போன் போடட்டுமா?"

ஆர்டெல்லா சிரித்து மழுப்பினாள். அங்கேயே, கட்டிடி அது, கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே நடப்பதை அந்த ஊர்ப் பெண்கள் பேர் சொல்லிப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான், பொம்பளை சமாச்சாரம். டெஸி கேலியாகச் சொன்னதை அடுத்தவள் செய்தியாகச் சொன்னாள். அதற்கடுத்தவள் தேதியும் சேர்த்துச் சொன்னாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. ஊரடங்கில் வேறென்ன வேலை? எல்ரோய் பிப்ரவரியில் படகேறியவன். நோய்க்குப் பயந்து கம்பெனி யாரையும் கரையில் இறக்கவில்லை. ஜூன் பிறந்துவிட்டது. அவள் வயிறோ மூன்று மாத வயிறு. ஊர் விரல்விட்டு எண்ணியது.

எண்ணியது ஆற்றுக்கும் போனது. ஒரு சாயங்காலம் எல்ரோய் போன் செய்தான்.

"ஆர்டி, என் காதுல ஒண்ணு விழுந்துச்சு."

"என்னவாம்?"

"உனக்கு வயிறு வந்திருக்காம்." அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "ஏப்ரல்லயே ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு நீதானே சொன்னே? பையையே எடுத்தாச்சுன்னா பிள்ளை எங்கடி தங்கும்? கோட்டுப் பாக்கெட்டிலயா?"

ஆர்டெல்லா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆபரேஷன் நடக்கலை. தள்ளி வச்சுட்டாங்க."

"ஏன் பொய் சொன்னே?"

"நெசத்தைச் சொன்னா நீ ஆத்துல குதிச்சு நீந்தியே வருவே. வேலை போயிடும்."

இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் அவன் கேட்டான். "அப்ப வயிறு?"

"அப்ப வயிறுன்னா என்ன அர்த்தம்?" அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ரெண்டு வருஷமா நீ தொட்டாலே வலிக்குதுன்னு சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தவ நான். மோதிரம் போட்ட புருஷன்கிட்டயே முடியலைன்னு அழுதவ, ஊர்ல எவன்கிட்டப் போயிருப்பேன்னு நினைக்கிறே?"

"நான் அந்த அர்த்தத்துல கேக்கலை ஆர்டி."

"அந்த அர்த்தத்துலதான் கேட்டே. வை போனை."

அந்த வாரக் கடைசியில் மதர் கில்லியம் அவள் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். சபையின் மூத்த தாய்மார்களுக்குத் தலைவி. எண்பது வயது, கம்பு மாதிரி விறைப்பு. முகக்கவசத்துக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் தொப்பி. படியேறாமல் எட்ட நின்றாள்.

"சிஸ்டர் பியூ, முதல் ஞாயிறு வருது. பாஸ்டர் கார் நிறுத்துற இடத்துல திருவிருந்து வைக்கிறாரு."

"தெரியும் மதர். நான் கறுப்புப் பாவாடையில வர்றேன்னு சொல்லி அனுப்பினேனே."

"அதான் ஏன்னு கேக்க வந்தேன். இருபது வருஷமா வெள்ளையில நின்னவ நீ."

"இப்ப வெள்ளை எனக்குச் சரிப்படாது மதர்."

"ஏன் சரிப்படாதுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

"என்ன தெரியும்? இது பொம்பளை சமாச்சாரம்."

"ஆமா, வயித்துல வர்றதெல்லாம் பொம்பளை சமாச்சாரம்தான்," என்றாள் கிழவி. "நீ கொஞ்ச நாள் உக்காரு. வாசல்ல வேற ஆள் நிப்பா. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னால வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. கேட்டுட்டா யாரும் பேச மாட்டாங்க. என் காலத்துல எத்தனையோ பேரு கேட்டிருக்காங்க, ஒண்ணும் குறைஞ்சுபோகலை."

தப்புச் செய்தவளை ஊழியத்திலிருந்து உட்கார வைப்பதும், சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வைப்பதும் அங்கே பழைய வழக்கம். பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார வைக்கப்படுவார்கள். கூடப் படுத்தவன் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருப்பான், அவனை யாரும் கேட்டதில்லை.

ஆர்டெல்லா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இருட்டியது. "சரி மதர்," என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிறேன்."

முதல் ஞாயிறு நல்ல வெயில். சர்ச்சுக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன. டிராக்டரில் மாட்டுகிற தட்டு வண்டிதான் பிரசங்க மேடை. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஹாரன் அடித்தார்கள். டெஸி தன்னுடைய துருப்பிடித்த பிக்கப்பில் ஆர்டெல்லாவை அழைத்து வந்தாள். தன் கேலி எங்கே போய் முடிந்திருக்கிறது என்று டெஸிக்குத் தெரிந்திருந்தது. ஆர்டெல்லா வெள்ளை உடுத்தியிருந்தாள். வெள்ளைக் கவுன், வெள்ளைக் கையுறை, வெள்ளைச் செருப்பு. பாஸ்டர், சகோதரி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறார் என்று மைக்கைத் துடைத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

"ஆம்பளைங்க கார்க் கண்ணாடியை ஏத்திக்கணும்னா ஏத்திக்குங்க," என்று தொடங்கினாள். ஒருவரும் ஏற்றவில்லை. "என் வயித்துல பிள்ளை இல்லை. என் வயித்துல பிள்ளை நிலைச்சதே இல்லை, உங்களுக்கே தெரியும். இப்ப இருக்கிறது கட்டி. கர்ப்பப்பையில கட்டி. எனக்கு ரத்தம் போகுது. மாசத்துக்கு மூணு நாள் இல்லை, தினமும். மீன் அறுக்கிறப்பவும் போகுது, ஜெபம் பண்றப்பவும் போகுது. இந்தா, இப்பவும் போகுது."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எடுத்துப்போடுங்கன்னு கேட்டேன். அவசரமில்லைன்னாங்க. கக்கூஸுக்குப் போகணும்னு கேட்டேன். ஆள் இல்லைன்னாங்க. பொம்பளை சமாச்சாரம்னு சொன்னேன். மன்னிப்புக் கேளுன்னாங்க. நான் யாருகிட்டக் கேக்கணும்? ஆஸ்பத்திரிக்காரன் என்கிட்டக் கேக்கட்டும். கம்பெனிக்காரன் கேக்கட்டும். நான் மண்ணு தின்னதைப் பாத்து மாசம் எண்ணினீங்களே, உங்கள்ல ஒருத்தராவது, ஏன் ஆர்டெல்லா வெளுத்துப்போனேன்னு கேட்டீங்களா? நான் மன்னிப்புக் கேக்க வரலை. சொல்லிட்டுப் போக வந்தேன்."

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினாள். கவுனின் பின்பக்கம் சிவப்பாக இருந்தது. அவள் கையை வைத்து மறைக்கவில்லை.

பிறகு டெஸியின் பிக்கப் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பக்கத்துக் காரில் ஒரு பெண், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைத் தாண்டிக் கையை நீட்டி ஹாரனை அமுக்கினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அதற்கப்புறம் இன்னொரு கார், அதற்குப் பின்னால் இன்னொன்று. தட்டு வண்டியின் படியில் இறங்கும்போது ஆர்டெல்லாவின் முழங்கால் மடங்கியது.

டெஸி ஓடிவந்து பிடித்தாள். அவளுடைய வண்டியில் படுக்க வைக்க இடமில்லை. மதர் கில்லியம் தன் நீளமான காரின் பின்கதவைத் திறந்தாள். ஊரில் யாரையும் செருப்போடு ஏறவிடாத கார், உள்ளே பால்வெள்ளைத் தோல் இருக்கை.

"மதர், ஸீட்டெல்லாம் கறையாயிடும்," என்றாள் டெஸி.

"கறைக்குத் தண்ணி இருக்கு. ஏத்துடி," என்றாள் கிழவி. எண்பது வயதில் அவள் ஓட்டிய வேகத்தை அந்த ரோடு முன்பு பார்த்ததில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. பின்னாளிலும் வரவில்லை. கேக் ஒன்று செய்து அனுப்பினாள். ஆர்டெல்லா கேக்கைத் தின்றுவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நெற்றியில் சூடு பார்த்து, துணைக்கு வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. இரண்டு கைகளிலும் ஏற்றினார்கள். இப்போது எல்லாருக்கும் அவசரம். ஓடினார்கள், போன் செய்தார்கள், ஆபரேஷன் அறையைத் திறந்தார்கள். அவள் விழுந்தால்தான் திறக்கும் என்றால் ஏப்ரலிலேயே விழுந்திருப்பாளே.

இளவயசு டாக்டரம்மா குனிந்து கேட்டாள். "இவ்வளவு முத்தற வரைக்கும் ஏன் விட்டு வச்சீங்க?"

ஆர்டெல்லாவுக்கு உதடு காய்ந்திருந்தது. "டாக்டரம்மா, இந்தக் கேள்வியை உங்க ஆபீஸ்ல போய்க் கேளுங்க. எனக்கு என்னென்ன எடுக்கப்போறீங்க, என்னென்ன விட்டு வைக்கப்போறீங்க, அதை முதல்ல சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. நான் தலையாட்டினப்புறம் கத்தியை எடுங்க."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். ஆர்டெல்லா எல்லாவற்றையும் கேட்டு, புரியாததைத் திரும்பக் கேட்டு, கடைசியில் தலையாட்டினாள்.

பிழைத்து வீடு திரும்பியபோது எல்ரோய் அடுப்படியில் நின்றான். கம்பெனி இறக்காவிட்டாலும் கிரீன்வில் பக்கம் படகு கரையை உரசியபோது மூட்டையோடு தாவி இறங்கிவிட்டானாம். வேலை இருக்கிறதோ போனதோ தெரியாது.

"நான் அன்னைக்குக் கேட்டது தப்புதான் ஆர்டி."

"தப்புதான். சோளரொட்டி கருகுது, அதைப் பாரு."

ஒரு மாதம் போலக் கழிந்து, வேலை முடிந்த டெஸி கொல்லைக் கதவு வழியாக வந்தாள். முட்டைக்கோஸ் கொண்டுவந்தேன் என்றாள். முட்டைக்கோஸைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை. எனக்கு நின்னு மூணு வருஷமாச்சே... இப்ப மறுபடி கொஞ்சம் படுது."

"எப்பலேருந்து?"

"ஈஸ்டர் சமயத்துலேருந்து."

"ஈஸ்டரா! ஏண்டி, அந்த ஹாரனை அவ்வளவு நேரம் அடிச்சியே, வாயைத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"ஆஸ்பத்திரியே மூடிக் கெடக்கு, யாருகிட்டச் சொல்றது? நீ மட்டும் என்கிட்டச் சொன்னியா?"

ஆர்டெல்லா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் போனை எடுத்து, தானே நம்பரைப் போட்டு, டெஸியின் கையில் திணித்தாள்.

"பெண்கள் பிரிவு. என்ன தொந்தரவு?" என்றது போன்.

"அது வந்து... பொம்பளை சமாச்சாரம்ங்க."

ஆர்டெல்லா மேஜையில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். "பேரைச் சொல்லுடி."

டெஸி அடுப்படியில் நின்ற எல்ரோயைப் பார்த்தாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். அவள் மூச்சை இழுத்தாள். "கர்ப்பப்பைங்க. எனக்கு நின்னுபோய் மூணு வருஷமாச்சு. இப்ப மறுபடி ரத்தம் போகுது. நாலு மாசமாப் போகுது."

"லைன்ல இருங்க," என்றது போன். பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். டெஸி போனை வைக்கப் போனாள். ஆர்டெல்லா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காதோடு சேர்த்து அழுத்தினாள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவள் பிடியை விடவில்லை.